சேசம்மாள் செய்த பிழைதிருத்தம்

புத்தகக் கட்டைக் கணேசபாண்டியன் தானே சுமந்துகொண்டு வந்தார். தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டில் டாக்ஸியை விட்டு இறங்கி, எதிரே வருகிறவர்களுக்கு ஒதுங்க இடமில்லாத சந்தில் பக்கவாட்டாக நடந்து, சேசம்மாளின் வாசற்படியில் அதை இறக்கி வைத்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் செம்பூரில் கூரியர் ஆபீஸ் நடத்துகிறவர். ஒரு பையனிடம் கொடுத்தனுப்பியிருக்கலாம். ஆனால் மாட்டுங்காவில் இருக்கும் செந்நெல் இலக்கிய மன்றத்துக்கு அவர்தான் செயலாளர். சேசம்மாளின் மொத்தப் படைப்புகளை இரண்டு தொகுதிகளாகக் கொண்டுவர அலையாய் அலைந்தவரும் அவர்தான். வந்திருப்பது முதல் தொகுதி.

"பாருங்கக்கா. கெட்டி அட்டை, தையல் பைண்டிங். பம்பாய்ல இருக்கிற எந்தத் தமிழ் எழுத்தாளருக்கும் மன்றம் இப்படிப் போட்டது கெடையாது. அடுத்த ஞாயித்துக்கிழம விழா. வாழ்நாள் விருது. புஸ்தகத்துக்குப் பணம் குடுத்த அறக்கட்டளைக்காரங்க சென்னையிலருந்து வர்றாங்க."

டீயைக் குடித்துவிட்டு அவர் போனார். சேசம்மாள் கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

அவளுக்கு எழுபத்தொரு வயது. ராதாபுரம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். முனிசிபல் பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இதற்கு நடுவே ஐந்து கவிதைத் தொகுதிகள், மூன்று கதைத் தொகுதிகள், ஒரு நாவல். எழுத ஆரம்பித்த காலத்தில் சென்னை வாரப் பத்திரிகை ஒன்று அவளுடைய கதையை, 'மொழியைச் சுத்தம் செய்து அனுப்பவும்' என்று குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பியது. அவள் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் அதே கதையை மறுபடி அனுப்பினாள். மறுபடி வந்தது. மறுபடி அனுப்பினாள். கடைசியில் யாருக்குச் சலித்ததோ, போட்டுவிட்டார்கள். அன்றைக்குத்தான் தபால் ஆபீசுக்கு நடையாய் நடந்த அவள் புருஷன் தனசீலன், "அப்பாடா" என்று சொல்லி ஒரு பிளேட் அல்வா வாங்கி வந்தார்.

சேசம்மாள் புத்தகத்தில் முதல் கவிதையைத் தேடினாள். தாராவிக்கு வந்த புதிதில், விடியுமுன்னே பொதுக் கக்கூஸ் வாசலில் பெண்களோடு பெண்ணாக நின்ற நாட்களில் எழுதியது. அவள் எழுதியிருந்தது இது:

சண்டாஸ் வாசலில் நிற்கிறோம்
டப்பாவும் கையுமாக.
சூரியனே, கொஞ்சம் பொறு.
இன்னும் நாலு பேர் பாக்கி.

புத்தகத்தில் இப்படி இருந்தது:

ஒப்பனை அறை வாசலில் நிற்கிறோம்
குவளையும் கையுமாக.
கதிரவனே, சற்றே பொறு.
இன்னும் நால்வர் மீதம்.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். பிறகு சத்தமாகப் படித்தாள். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த தனசீலன் திரும்பிப் பார்த்தார். அவர் வெல்டிங் வேலை பார்த்தவர். பெண்டாட்டி எழுதியதில் இந்த ஒரு கவிதை மட்டும் அவருக்கு மனப்பாடம்.

"ஒப்பனை அறையா? அது பவுடரு பூசுத எடம்லா பிள்ள!" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

அவள் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனாள். நாக்கா என்று அவள் எழுதிய இடமெல்லாம் நாற்சந்தி. கோலி என்று எழுதிய இடமெல்லாம் சிற்றில். பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேர் படுத்து எழுந்த கோலி, சிறுமிகள் மணலில் கட்டி விளையாடும் வீடாக மாறியிருந்தது. 'அவிய வந்துட்டாவ' என்று பேசிய திருநெல்வேலிக்காரிகள் எல்லாரும் 'அவர்கள் வந்துவிட்டார்கள்' என்று பேசினார்கள். கண்ணில் புரை அறுவை செய்துகொண்ட நேரம் என்பதால் அச்சுப்படியை அவளுக்குக் காட்டவில்லை. மன்றத்தின் பதிப்பாசிரியர் நம்பிராஜன், "நீங்க கண்ணுக்கு ஓய்வு குடுங்கம்மா, நான் எழுத்தெண்ணிப் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தார். பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

பிறகு அவள் 'ஜனவரி' கதைக்கு வந்தாள்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷத்துக் கலவரத்தில் நடந்தது அது. அடுத்த சந்தில் இருந்த நஜ்மா, கூட்டம் சிதறி ஓடியபோது கைப்பிடியில் இருந்த மகன் அஸாருதீனைத் தவறவிட்டாள். புகைக்குள் நின்று "மேரா பச்சா, மேரா பச்சா" என்று கத்திக்கொண்டே இருந்தாள். என் பிள்ளை, என் பிள்ளை. தொண்டை கட்டி, குரல் போய், உதடு மட்டும் அசைகிற வரைக்கும் அதே இரண்டு வார்த்தை. பையனைத் தனசீலன்தான் பட்டறைக்குள் இழுத்துப் போட்டு ஷட்டரை இறக்கியிருந்தார். மறுநாள்தான் கொண்டுவந்து சேர்க்க முடிந்தது.

ஆறேழு மாதம் கழித்துச் சேசம்மாள் அதைக் கதையாக எழுதினாள். பத்திரிகை வந்ததும் நஜ்மா, "எனக்குப் படித்துக் காட்டு" என்று வந்து உட்கார்ந்தாள். தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் முழுக்கதையையும் தமிழிலேயே படிக்கச் சொன்னாள். அந்த இரண்டு வார்த்தை வந்தபோது சேசம்மாளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் வளையல் உடைந்தது.

"யே மேரா ஹை," என்றாள். இது என்னுடையது. "இஸ்கோ மத் பதல்னா." இதை மட்டும் மாற்றாதே.

மாற்ற மாட்டேன் என்று சேசம்மாள் சொன்னாள். நஜ்மா பிறகு மும்ப்ராவுக்குக் குடிபோய், அங்கேயே காலமாகிவிட்டாள்.

புத்தகத்தில் இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் அந்தப் பெண் புகைக்குள் நின்று, "என் செல்வமே! என் செல்வமே!" என்று கதறினாள்.

சேசம்மாள் புத்தகத்தை மூடினாள். "செருப்பப் போடுங்க. மாட்டுங்காவுக்குப் போவணும்" என்றாள் தனசீலனிடம்.

நம்பிராஜன் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு தலைமுறையாக மாட்டுங்காவில் இருக்கும் குடும்பம். வீட்டில் சுவர் தெரியாதபடி புத்தகங்கள். அவர் கெட்டவர் இல்லை என்பது சேசம்மாளுக்குத் தெரியும். இருபது வருஷமாக அவளுடைய எழுத்தைப் பற்றி மேடைக்கு மேடை பேசிவந்த ஒரே ஆள் அவர்தான். அதனாலேயே அவளுக்கு ஆத்திரம் கூடியது.

"உக்காருங்கம்மா. ரெண்டு பேரும் காபி சாப்பிடுங்க."

"காபி பொறவு குடிக்கேன் சார். சண்டாஸ எதுக்கு ஒப்பனை அறைன்னு மாத்துனீய?"

அவர் தயங்கவில்லை. இந்தக் கேள்விக்குப் பதிலைத் தயாராகவே வைத்திருந்தார். "பம்பாய்ல இருக்கற நமக்குப் புரியும். கோயில்பட்டில ஒருத்தன் கோலின்னு படிச்சா, பசங்க வெளயாடற கோலிக்குண்டுன்னு நெனப்பான். உங்க எழுத்து இந்த ஊரோட நின்னுடக் கூடாது. நூறு வருஷம் கழிச்சும் படிக்கணும். ஒவ்வொரு வார்த்தைக்கும் நான் எவ்வளவு யோசிச்சிருக்கேன் தெரியுமா?"

"நான் கல்யாணம் முடிஞ்சு தாதர்ல வந்து எறங்குனப்ப எனக்கும் புரியலதான் சார். கோலி பாத்து வச்சிருக்கேன்னு இவிய சொன்னாவ. வெளையாடவான்னு கேட்டேன். மூணு நாள்ல புரிஞ்சிட்டு. படிக்கவனுக்குப் புரிய மூணு பக்கம் போதாதா?"

தனசீலன் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினார். நம்பிராஜனும் லேசாகச் சிரித்தார். "அது சரி. ஆனா அறக்கட்டளை நல்ல தமிழ்ல இருக்கற நூலுக்குத்தான் உதவி பண்ணும். நூலகத்துக்கும் அப்பதான் போகும்."

"அப்ப நான் எழுதுனது கெட்ட தமிழா?"

"நான் அப்படிச் சொல்லலம்மா."

"நஜ்மா அழுகைய என்ன செஞ்சீய?"

"ஒரு தாயோட துயரம் தமிழ் வாசகனுக்கு நேரா போய்ச் சேரணும்னு நெனச்சேன். தமிழ்க் கதைல இந்தில அழுதா..."

"அவ இந்திலதான் சார் அழுதா."

நம்பிராஜன் காபித் தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். இவர்கள் வந்ததுமே அவர் போனில் கூப்பிட்டிருந்ததால் கணேசபாண்டியனும் அதற்குள் வந்து சேர்ந்திருந்தார். அத்தனை பிரதியும் அச்சாகிவிட்டது, அழைப்பிதழ் போய்விட்டது, இரண்டாம் பதிப்பில் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று அவர் கும்பிடாத குறையாகச் சொன்னார்.

"ரெண்டாம் பதிப்பு வாறப்ப நான் சயான் கல்லறைலருந்து எந்திரிச்சு வந்தா திருத்துவேன்?"

"அக்கா, நான் ஒங்க தம்பி மாதிரி சொல்றேன். இந்த வயசுல இன்னொரு வாய்ப்பு வராதுக்கா."

அவர் மனதார, அவள் மேல் உள்ள அக்கறையில் சொன்னார். உண்மையும் அதுதான். அதனால்தான் அது அவளுக்குத் தைத்தது. காபியைத் தொடாமல் எழுந்துவிட்டாள்.

மேம்பாலத்துக்குக் கீழே பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள். "இம்புட்டு வருசமா நான் எதுக்கு எழுதுனேன்?" என்று தனசீலனைக் கேட்டாள்.

"எனக்கு எப்பிடித் தெரியும்? எழுதாட்டா எரிஞ்சு எரிஞ்சு விழுவ. எழுதுனா சோறு பிந்தும். சோறு பிந்துறது தேவலன்னு நானும் பேசாம இருந்திட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அழுகையும் வந்தது. அவர் மற்றவர்கள் பார்க்காதபடி அவளை மறைத்து உட்கார்ந்துகொண்டார்.

மகள் ஜெனிக்குச் செய்தி அன்றைக்கே போய்விட்டது. ஜெனி செம்பூரில் இருப்பவள், இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. சின்ன வயதிலிருந்து இங்கிலீஷ் மீடியம்; தமிழ் எழுத்துக்களைக் கூட்டித்தான் படிப்பாள். விழாவுக்கு மாமியார் வீட்டு ஆட்களையும் ஆபீஸ் தோழிகளையும் அழைத்திருந்தாள்.

"மம்மி, ஜானே தோ ந. விடுங்க. ஒரு தடவையாவது சும்மா போய் வாங்கிட்டு வாங்க. எல்லார்கிட்டயும் சண்டை போட்டுப் போட்டு என்ன கெடச்சுது?"

"ஒம்பது புஸ்தகம் கெடச்சுது."

"போகப் போறீங்களா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"போவேன். எம் புஸ்தகம். நான் போகாம வேற யாரு போவா?"

ஜெனிக்கு இந்தப் பதிலைக் கேட்டு நிம்மதி வரவில்லை. அம்மாவை அவளுக்குத் தெரியும்.

விழா அன்று அரங்கு நிறைந்திருந்தது. முன்வரிசைகளில் மாட்டுங்கா, செம்பூர் ஆட்கள். பின்வரிசைகளில் தாராவியிலிருந்து வந்த பெண்கள், முனிசிபல் ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்த்த ஆயாக்கள், பாண்டுப்பிலிருந்தும் காட்கோபரிலிருந்தும் ரயிலேறி வந்த வாசகர்கள். சென்னையிலிருந்து வந்திருந்த அறக்கட்டளைப் பெரியவர் சேசம்மாளுக்குப் பொன்னாடை போர்த்தினார். "பம்பாய் மண்ணிலும் பழுதுபடாத பைந்தமிழ்" என்று அவளைப் புகழ்ந்தார். முன்வரிசை கைதட்டியது. மேடை ஓரத்தில் நின்ற நம்பிராஜன் கைதட்டவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏற்புரைக்கு அழைத்தார்கள். சேசம்மாள் பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு மைக்கின் முன் வந்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். புஸ்தகம் நல்லா அச்சடிச்சிருக்காவ. அதுக்கு மன்றத்துக்கு நன்றி சொல்லுதேன். ஆனா இதுக்குள்ள இருக்கது முழுசும் நான் எழுதுனது இல்ல."

கணேசபாண்டியன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

அவள் முதல் கவிதையைப் புத்தகத்தில் இருந்தபடி படித்தாள். பிறகு, புத்தகத்தை மூடிவிட்டு, தான் எழுதியபடி சொன்னாள். 'ஒப்பனை அறை' என்றபோது பின்வரிசைப் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

"சிரிக்காதீய. டப்பாவோட நின்னவளுக்குத் தெரியும், அது சிரிக்க வேண்டிய எடமில்ல."

அரங்கு அடங்கியது. அவள் 'ஜனவரி' கதையின் அந்தப் பக்கத்தை எடுத்தாள். நஜ்மா கத்திய இடத்தை, கத்தியது போலவே சொன்னாள். எழுபத்தொரு வயதுத் தொண்டை; குரல் பாதியில் உடைந்தது. உடைந்ததைச் சரிசெய்யாமல் அப்படியே கடைசி வரை கொண்டுபோனாள். மேடைக்குக் கீழே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர் கேமராவைத் தாழ்த்திக்கொண்டார். அவர் மராட்டிக்காரர். அந்த உரையில் அவருக்குப் புரிந்தது அந்த இரண்டு வார்த்தைதான்.

"இத மாத்த மாட்டேன்னு அவகிட்ட சொல்லிட்டேன். அவ செத்துப் போனா. அதுக்காவ நான் சொன்ன சொல்லு சாவாது. புஸ்தகம் வேணும்ங்கவிய வாங்குங்க. கையெழுத்தும் போடுதேன். ஆனா அதுக்கு முன்னால ஒரு வேல கெடக்கு."

அவள் மேடையை விட்டு இறங்கி நேராகப் புத்தக மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

முதலில் வந்தது பாண்டுப் மாரீஸ்வரி. அவள் காலேஜில் படிக்கும்போது சேசம்மாளின் நாவலைப் படித்துவிட்டு வீடு தேடி வந்தவள். சேசம்மாள் இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தைத் திறந்து, 'என் செல்வமே' என்பதை ஒரே கோடாக அடித்தாள். மேலே 'மேரா பச்சா' என்று எழுதினாள். ஓரத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"அக்கா, முதல் கவிதையும் திருத்திக் குடுங்க" என்றாள் மாரீஸ்வரி.

அதையும் திருத்தினாள். பின்னால் வரிசை நீண்டது. பழைய ஆயாக்களில் பாதிப்பேருக்குப் படிக்கத் தெரியாது. அவர்களும் புத்தகத்தை நீட்டினார்கள். "ஏக்கா, எம் பேரப் போட்டு எழுதியிருக்கியா?" என்று ஒருத்தி கேட்டாள். "போட்டிருக்கேன். அதையும் மாத்தி வச்சிருக்காவ, இரு" என்று சேசம்மாள் பக்கத்தைத் தேடினாள்.

கணேசபாண்டியன் குனிந்து அவள் காதருகே வந்தார். "அக்கா, சென்னைக்காரங்க பாத்துட்டு இருக்காங்க. என் மானத்த வாங்காதீங்க."

"பாக்கட்டும் தம்பி. கேட்டா அவியளுக்கும் ஒண்ணு திருத்திக் குடுக்கேன்."

அறக்கட்டளைப் பெரியவர் கேட்கவில்லை. சாப்பாட்டுக்கு நிற்காமல் காரை வரச்சொன்னார். போகும்போது கணேசபாண்டியனிடம் இரண்டொரு வார்த்தை சொன்னார். அதைக் கேட்டு அவர் முகம் கறுத்தது. ஜெனி தன் மாமியாரை ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டு, அம்மாவைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக நின்றாள்.

வரிசை குறைந்தபோது நம்பிராஜன் வந்து நின்றார். கையில் அவருடைய பிரதி.

"இது நீங்க செஞ்சதுலா சார்?" என்றாள் சேசம்மாள்.

"ஆமா. கோலி, நாக்கா விஷயத்துல இப்பவும் நான் சொன்னதுதான் சரின்னு நெனைக்கறேன். அதுல உங்களோட ஒத்துப்போக முடியாது." பிரதியை மேசைமேல் வைத்தார். "ஆனா நீங்க இப்ப வாசிச்சீங்களே, அந்தம்மா குரல். நான் அத இத்தன வருஷமா எழுத்தாத்தான் பாத்திருக்கேன். காதுல கேக்கல."

சேசம்மாள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு பேனாவை அவர் பக்கம் திருப்பி நீட்டினாள்.

"நீங்களே எழுதுங்க."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நின்றவாக்கிலேயே குனிந்து, தான் போட்ட சொல்லைத் தானே அடித்தார். முத்துமுத்தான கையெழுத்து அவருக்கு. அன்றைக்குக் கொஞ்சம் கோணலாக விழுந்தது.

அறக்கட்டளை இரண்டாம் தொகுதிக்கு உதவ முடியாது என்று தெரிவித்தது. மன்றத்தின் கூட்டத்தில் கணேசபாண்டியனை எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். சேசம்மாள் வருத்தம் தெரிவித்து இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் சரிக்கட்டிவிடலாம் என்று அவர் வந்து கேட்டார். ஒரு வரிகூட முடியாது என்றாள். அப்படியானால் மிச்சப் பிரதிகளை மன்றம் விற்கப்போவதில்லை, அவளுக்கு வேண்டுமானால் அனுப்பிவைப்பதாகச் சொன்னார். "அனுப்புங்க தம்பி. ஒங்களுக்கு ரொம்பச் சங்கடம் குடுத்துட்டேன். அது மட்டும் எனக்கு வருத்தம்" என்றாள். அவர் டீயை வாங்கிக் குடித்தார்.

டெம்போவில் வந்து இறங்கிய புத்தகங்கள் கட்டிலுக்கு அடியிலும், பீரோவுக்கு மேலும், தனசீலன் தலைமாட்டிலும் ஏறி உட்கார்ந்தன. "ஒப்பனை அறையக் கொண்டாந்து என் தலமாட்டுல வச்சிருக்கியே" என்று அவர் முணுமுணுத்தார். சேசம்மாள் காலையில் ஐந்தாறு, சாயங்காலம் ஐந்தாறு என்று திருத்தினாள். இப்போது ஒரு பக்கம் மட்டுமில்லை, முழுப் புத்தகத்தையும். கேள்விப்பட்டவர்கள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். சிலர் விழாவில் வாங்கிய பிரதியைக் கொண்டுவந்து, விட்டுப்போனதையும் திருத்தச் சொன்னார்கள். விரல் வீங்கியது. மிளகுத் தைலம் தேய்த்துக்கொண்டு எழுதினாள். இரண்டாம் தொகுதியை யார் போடுவார்கள் என்று கேட்டவர்களுக்கு, "நான் எழுதுனபடி போடுதவன் போடுவான். இல்லன்னா இல்ல" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெனி வந்தாள். விழாவுக்குப் பிறகு அதுவரை போனில்கூடச் சரியாகப் பேசாதவள். அம்மாவின் வீங்கிய விரலைப் பார்த்தாள். பேனாவைப் பிடுங்கிக்கொண்டு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எத எடுத்துட்டு எத எழுதணும், சொல்லுங்க."

"நாற்சந்தின்னு எங்க இருந்தாலும் நாக்கா."

ஜெனி ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, வரியின் மேல் விரலை ஓட்டித் தேடினாள். தேடுவதற்குப் படிக்க வேண்டியிருந்தது. முதலில் சொற்களாகப் படித்தாள். பிறகு வரிகளாக. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு கதையை மட்டும் படித்துக்கொண்டிருந்ததைச் சேசம்மாள் கவனித்தாள். பள்ளித் தோழிகளிடம் தாராவி என்று சொல்லக் கூச்சப்பட்டு, சயானில் வீடு என்று சொல்லி, பஸ் ஸ்டாப்பில் அம்மாவைத் தெரியாதது போலத் திரும்பிக்கொண்ட ஒரு பெண்ணைப் பற்றிய கதை அது.

படித்து முடிக்க வெகுநேரமாயிற்று.

"மம்மி, இது நானா?"

"ஆமா."

"நான் இப்படியெல்லாம் சொல்லவே இல்ல."

"சொன்ன."

"உங்களுக்கு மறந்திருக்கும். நான் திரும்பிப் பாத்துச் சிரிச்சேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இந்தக் கடைசி வரிய மாத்துங்க. ப்ளீஸ்."

"மாட்டேன்."

"உங்க சொந்தப் பொண்ணு கேக்கிறேன் மம்மி!"

"யாரு கேட்டாலும் மாட்டேன். நீ சிரிச்சேன்னா அத நீ எழுது. பேனா ஓங் கையிலதான இருக்கு."

ஜெனியின் கண் கலங்கியது. கோபத்தில் புத்தகத்தை மூடப் போனாள். மூடவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பி, விரலை முதல் வரியில் வைத்தாள்.